என்ன சாப்பிட்டார் என்று கேட்பவள்

அம்மையப்ப பிள்ளைக்கு நீரிழிவு என்று அம்பாசமுத்திரத்து டாக்டர் தேவசிகாமணி சொன்னபோது ஞானம்பாள் கலங்கவில்லை. சோற்றைக் குறைக்க வேண்டும், நெய்யும் இனிப்பும் கூடாது, உடம்பு நன்றாக இளைக்க வேண்டும் என்றார். களியும் கஞ்சியும் வைக்க அவளுக்குத் தெரியாதா? கடைசியாக அவர் சொன்னதுதான் வம்பாகப் போயிற்று.

"தினமும் வாயில போடுத ஒவ்வொண்ணையும் ஒரு நோட்டுல எழுதுங்க. மாசாமாசம் கொண்டாங்க. தராசுல நிறுத்தும் பாத்துருவோம்."

பிள்ளைக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது, எழுத்துக் கூடவில்லை. ஞானம்பாளுக்கு எழுத்தே தெரியாது. பிள்ளையின் தம்பி குற்றாலலிங்கம் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் குமாஸ்தா. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். அந்த ஆழ்வார்குறிச்சி வீட்டில் மிச்சமிருந்தது அவன் மனைவி சொர்ணாம்பாள். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி வந்து இன்னும் வருஷம் நிறையவில்லை.

விளக்கு வைத்ததும் பிள்ளை ஊஞ்சலில் வந்து உட்காருவார். அறைக் கதவுக்குப் பின்னால் மறைவாக உட்கார்ந்து, நோட்டை விரித்துச் சொர்ணாம்பாள் கேட்பாள்.

"அத்தான், மத்தியானம் என்ன சாப்ட்டிய?"

"களி ஒரு உருண்டை. கீரை. மோரு."

"பசி அடங்குச்சா?"

"எங்க அடங்குது தாயி!"

அடுப்படியில் ஞானம்பாளின் கை அப்படியே நிற்கும். இருபது வருஷமாக அவள் அவரைப் பசிக்கிறதா என்று கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை. அவர் நடையைப் பார்த்தே இலை போடுகிறவள் அவள். இப்போது நேற்று வந்தவள் கேட்கிறாள். அவரும் 'தாயி' என்று குழைந்து பதில் சொல்கிறார். களி கிண்டிக் கை காய்த்தது இவளுக்கு, பேச்சு அவளோடு.

"எழுதத் தெரிஞ்சா ஆச்சா? களி கட்டி விழாமக் கிண்டத் தெரியணும்" என்றாள் ஒருநாள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

"சொல்லிக் குடுங்கக்கா, கிண்டுதேன்" என்றாள் சொர்ணாம்பாள். அந்தச் சாந்தம் ஞானம்பாளுக்கு இன்னும் எரிந்தது.

முதல் மாதம் தராசில் நிறுத்தியபோது எடை கொஞ்சமும் குறையவில்லை. எழுதியபடிதான் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டாராம்; ஆமாம் என்றாராம் பிள்ளை. வீட்டுக்கு வந்து அவர் சொன்னதும் ஞானம்பாளுக்கு மனசுக்குள் ஒரு துள்ளல். படித்தவள் எழுதி என்ன ஆயிற்று? அடுத்த நிமிஷமே தன்னை நினைத்துக் கூசிப்போனாள். புருஷன் உடம்பு தேறவில்லை என்றா சந்தோஷப்படுவது?

அந்தக் கூச்சமும் நீடிக்கவில்லை. "அக்கா, களியில நெய் ஏதும் விடுதியளா?" என்று சொர்ணாம்பாள் கேட்டுவிட்டாள். ஞானம்பாள் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வீட்டில் இருந்ததால் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். பிள்ளைக்கு ஒரே ஒரு கரண்டி. அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இஞ்சி நசுக்கிப் போட்டிருக்கலாம்" என்றார்.

இருபது வருஷத்தில் அவள் சமையலில் அவர் ஒரு குறை சொன்னதில்லை. சொதியில் இஞ்சியைத் தூக்கலாகப் போடுகிறவர் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான்: கீழாம்பூரில் வாக்கப்பட்டிருக்கும் அவருடைய அக்கா உலகம்மாள். பிள்ளையின் வயலும் அங்கேதான். தினமும் வயல் பார்க்கப் போகிறவர், ஞானம்பாள் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பும் களியைக் காலி செய்துதான் கொண்டுவருகிறார்.

அக்கா கைச் சொதிக்குப் பழகின நாக்கு தானே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மறுநாள் உச்சிவேளையில் வண்டி கட்டச் சொல்லிக் கீழாம்பூருக்குப் போனாள்.

உலகம்மாள் வீட்டுக் கூடத்தில் குரல் கேட்டது. "அக்கா, இன்னும் ஒரு கரண்டி விடு." அவ்வளவு ஆசையோடு அவர் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஞானம்பாள் உள்ளே போய் நிலைப்படியில் நின்றாள். இலை நிறையச் சோறு, சொதி, உருளைக்கிழங்கு, மேலே நெய். அவள் கொடுத்தனுப்பிய களி முற்றத்தில் மாட்டுத் தவிட்டோடு கிடந்தது; தூக்குச்சட்டி பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

பிள்ளை நிமிர்ந்து கண்ணை இடுக்கினார். "யாருக்கா அது, வாசல்ல?"



"உம் பொண்டாட்டிதாம்லே" என்றாள் உலகம்மாள், கொஞ்சமும் அசராமல். "வா ஞானம்பா, ஒனக்கும் இலை போடுதேன். களியப் போட்டே எந்தம்பியக் கொல்லுதியே, எங்கையால ரெண்டு வாய் தின்னா என்ன கொறஞ்சு போச்சு?"

"கண்ணு கொறஞ்சு போச்சு மதினி. இங்கன நிக்கது யாருன்னு அவுகளுக்குத் தெரியல. நாளைக்கு முழுசாப் போச்சுன்னா நீங்களா வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டு நடப்பிய?"

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிள்ளை மெல்ல இலையை மடித்தார்.

சாயங்காலம் கதவுக்குப் பின்னால் சொர்ணாம்பாள் வழக்கம்போல் கேட்டாள். பிள்ளை வாயைத் திறக்குமுன் ஞானம்பாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லுதேன், எழுது. சோறு மூணு தடவ. சொதி. கிழங்கு. நெய் ரெண்டு கரண்டி."

"அக்கா!"

"எழுதும்மா, ஒண்ணு விடாம."

ஊஞ்சல் நின்றது. "நான் சொல்ல மாட்டனா?" என்றார் பிள்ளை.

"நீங்க சொன்னதத்தான் ஒரு மாசமா எழுதியாச்சே."

அன்றிலிருந்து கேட்பது சொர்ணாம்பாள், சொல்வது ஞானம்பாள். மத்தியானக் களியை அவளே வயலுக்குக் கொண்டுபோய், அவர் உண்டு முடிக்கும்வரை வரப்பில் இருந்து பார்த்துவிட்டு வந்தாள். அடுத்தமுறை தராசில் எடை இறங்கியிருந்தது. பிள்ளை வந்து, "நம்ம சொர்ணம் எழுத்து முத்துமுத்தா இருக்குன்னு டாக்டர் மெச்சுனாரு" என்றார். ஞானம்பாளுக்குச் சுருக்கென்றது.

"சொன்னது அக்கான்னு நீங்க சொல்லலையா அத்தான்?" என்றாள் சொர்ணாம்பாள் உள்ளேயிருந்து. பிள்ளைக்கு அது தோன்றவேயில்லை.

அந்த வாரம் கீழாம்பூர் போய்வந்த குற்றாலலிங்கம் சிரித்துக்கொண்டே வந்தான். "அக்கா ஒரே அழுகை மதினி. ரெண்டு பேருமாச் சேந்து எந்தம்பிய என்கிட்ட இருந்து பிரிச்சிட்டாளுவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா."

ஞானம்பாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்படிக் குளிர்வது தப்பு என்றும் தெரிந்தது.

"என்ன சொன்னாகளாம்? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.