இரண்டு பேருக்கான வாரண்ட்

பவளம் டீச்சருக்கு அரசாங்கம் வருஷத்துக்கு மூன்று ரயில் வாரண்ட் கொடுத்தது. பள்ளிக்கூட அதிபர் கையெழுத்திட்ட தாளை ஸ்டேஷனில் நீட்டினால் போதும். அவளுக்கும் புருஷனுக்கும், ரயில் ஓடுகிற எந்த ஊருக்கும் இரண்டாம் வகுப்பில் போய்வர டிக்கெட் கிடைக்கும். கல்யாணம் முடித்த நாலு வருஷத்தில் அவள் அதில் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. சிலாபத்திலிருந்து உடப்புப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவதே அவளுக்குப் போதும் போதும் என்றிருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்கழியில், நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் விடுமுறையில், புருஷன் நிக்கொலஸ்தான் பேச்சை எடுத்தான்.

"இந்த முறையாவது வாரண்டை எடு பவளம். நானுஓயாவில என்ட கூட்டாளி ஒருத்தன் ரயில்வே குவாட்டர்ஸில இருக்கிறான். நத்தாருக்கு முன்னம் போயிட்டு வந்திடலாம். மலைக்குளிர் எண்டா என்னெண்டு நீயும் பாக்கவேணும்."

பவளம் உடனே ஓம் சொல்லவில்லை. ஆடி மாதம் தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கு பார்த்தாலும் சோதனை. அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் முல்லைத்தீவு என்று இருந்தது. அவளுடைய அப்பா கதிரவேலு அந்தக் காலத்தில் கரைவலைக்காரரோடு பருவத்துக்குப் பருவம் அங்கே போய்த் தொழில் செய்தவர். ஒரு பருவத்தில் அம்மாவும் கூடப் போயிருந்தபோது, கடற்கரை வாடிக் குடிசையில் பவளம் பிறந்தாள். நடக்கப் பழகுமுன்பே உடப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஊர் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் அட்டையில், புலிகள் பிடித்து வைத்திருந்த அந்த ஊரின் பேரைக் கண்டால் ஆமிக்காரரின் முகம் மாறிவிடும்.

"நான் பக்கத்தில இருக்கிறன் தானே," என்றான் நிக்கொலஸ். "நான் சிங்களத்தில ரெண்டு வார்த்தை கதைச்சா ஒருத்தனும் உன்னில கை வைக்கமாட்டான்."

அவள் நம்பினாள். சைவக்காரியை வீட்டுக்குள் எடுக்கமாட்டோம் என்று கத்தோலிக்கரான அவனுடைய ஆட்கள் எல்லாரும் எதிர்த்து நின்றபோது, தன்னந்தனியாகக் கல்யாணப் பதிவுக் கந்தோருக்கு வந்து அவளைக் கட்டியவன் அவன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவனுடைய அக்கா எமிலியாவும் கூட வருவதாகச் சொன்னாள். புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். தன்னுடைய டிக்கெட்டைத் தானே எடுத்தாள். தம்பியின் மனைவியை இத்தனை வருஷமும் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உடப்புக்காரி' என்றுதான் சொல்லுவாள்.

சிலாபத்தில் காலை ரயில் ஏறும்போதே நிற்க இடமில்லை. நத்தாருக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகிறவர்கள், பிள்ளைகளோடு உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள், லீவில் வந்து திரும்புகிற சிப்பாய்கள் என்று பெட்டி முழுக்கச் சனம். மாதம்பையில் ஒரு குடும்பம் இறங்க, அவர்களுக்கு இடம் கிடைத்தது. பவளத்தை ஜன்னல் பக்கம் இருத்தினான் நிக்கொலஸ். தென்னந்தோட்டங்கள் ஓடின. சந்தையில் வாங்கிய நீலக் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள் அவள். எமிலியா மீன் அடைத்த மாலு பாண் பொதியை அவிழ்த்து, முதல் பாணை அவளிடம்தான் நீட்டினாள். டிக்கெட்டுகள் நிக்கொலஸின் சட்டைப் பைக்குள் இருந்தன.

நாத்தாண்டியாவைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்ப ஏறவேண்டும். எமிலியா முன்னால் போய்ச் சோதனை முடித்து, இடம் பிடிக்க ஏறிவிட்டாள். பவளத்தின் அட்டையை வாங்கிய பொம்பிளைப் பொலிஸ் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள்.

"முல்லைத்தீவா? எங்கே போகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"நானுஓயா. புருஷனோட. நான் உடப்பில டீச்சர்," தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பவளம் சொன்னாள்.

"டிக்கெட்?"

"அவரிட்ட இருக்கு. நான் எடுத்த வாரண்ட் டிக்கெட்."

ஸ்டேஷன் வாங்குப் பலகையில் அவளை ஓரமாக இருக்கச் சொன்னார்கள். நிக்கொலஸ் ஏற்கனவே ஏறிவிட்டிருந்தான். அவள் இருந்த ஜன்னலோரத்தில் இப்போது அவன் இருந்தான். பவளம் விரலை நீட்டிக் காட்ட, ஒரு பொலிஸ்காரன் ஜன்னலுக்குப் போனான்.

"இந்தப் பொம்பிளையின் புருஷன் யார்?"

நிக்கொலஸ் அவளைப் பார்த்தான். நேராகத்தான் பார்த்தான். கண் கலந்த மாதிரியும் இருந்தது. எழும்பப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் கையை உயர்த்தி ஜன்னல் பலகையை இழுத்து மூடினான்.

பொலிஸ்காரன் திரும்பி வந்து, "பொய் சொல்கிறாளே," என்றான். பவளம் மூடிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் ஊதி நகரத் தொடங்கியது. அப்போதுதான் எமிலியா வாசலால் குதித்தாள். செருப்பு ஒன்று கழன்று தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து, நல்ல சிங்களத்தில் சத்தம் போட்டாள்: "இவள் என் தம்பியின் மனைவி! படிப்பிக்கிற பிள்ளையை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?"

பொலிசுக்குக் கூட்டிப்போனார்கள். சிலாபத்துக்குப் போன் எடுத்தார்கள். அதிபரைத் தேடிப் பிடித்தார்கள். பின்னேரம் ஆகும்போது அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்றார்கள். அவ்வளவு நேரமும் எமிலியா அவள் பக்கத்திலேயே இருந்தாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். நிக்கொலஸ் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவான் என்று பவளம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் எமிலியா மெல்ல, "பவளம்," என்றாள். முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

"நடந்ததை ஊரில ஒருத்தருக்கும் சொல்லாத. உனக்கு ரயிலில தலைசுத்து வந்து இறங்கிட்டம் எண்டு சொல்லுவம். தம்பிட பேரும் கெடும்தானே."

பவளம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் குதித்து வந்தவள் இவள்தானா என்றிருந்தது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிக்கொலஸ் நத்தாருக்கு முதல் நாள்தான் வந்தான். ஒரு பை நிறையக் கரட்டும் லீக்ஸும் கொண்டுவந்திருந்தான். "நீங்க பின்னால வந்திருவீங்க எண்டு காத்திருந்தன்," என்றான். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கரட்டைக் கழுவி அடுக்கினான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும் என்று பயமாக இருந்தது.

நத்தார் அன்று பூசை முடிந்து பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா கேக்கோடு வந்தாள். நிக்கொலஸ் மலையைப் பற்றியும் பனியைப் பற்றியும் கதைத்தான். கூட்டாளி வீட்டில் இரவில் மூன்று போர்வை போர்த்ததாகச் சொல்லிச் சிரித்தான்.

"டீச்சருக்குத்தான் பாவம், சுகமில்லாம போயிட்டுதாம்," என்றாள் பிரான்சிஸ்கா.

எமிலியா கரண்டியோடு குசினி வாசலில் நின்று பவளத்தைப் பார்த்தாள். கண்ணாலே கெஞ்சினாள்.

"எனக்கு ஒரு சுகக்கேடும் இல்லை," என்றாள் பவளம். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "என்னைப் பொலிஸ் மறிச்சு வைச்சது. என்ட புருஷன் யாரெண்டு கேட்டாங்க. இவர் வாய் திறக்கேல்ல. என்ட வாரண்டில நானுஓயா போய் இருந்திட்டு வந்திருக்கிறார்."

பிரான்சிஸ்கா கேக் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நிக்கொலஸ் தலை குனிந்துகொண்டான். எமிலியா, "நத்தார் நாளில..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

அடுத்த நாள் பவளம் உடுப்புகளை எடுத்துக்கொண்டு உடப்புக்கு, அப்பா வீட்டுக்குப் போனாள்.

பொங்கல் கழிந்து நிக்கொலஸ் அங்கே வந்தான். கதிரவேலு கடற்கரைப் பக்கம் எழுந்து போய்விட்டார். பவளம் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"நான் பயந்திட்டன், பவளம். என்னையும் கொண்டு போவாங்க எண்டு."

"பயப்பிடுறது பிழை இல்லை," என்றாள் அவள். "எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஆனா என்னைப் பாத்திட்டு ஏன் பலகையை இழுத்தீங்க? பாக்காத மாதிரி இருந்திருக்கலாமே."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு உண்மையைச் சொன்னான்.

"நீ என்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருவாய் எண்டு நினைச்சன்."

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஸ்டேஷனிலும் அழவில்லை, பொலிசிலும் அழவில்லை. கூப்பிடவேண்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கூப்பிடாமலே வருவான் என்றுதான் இருந்தாள்.

"நீங்க போங்க," என்றாள்.

அவன் பிறகும் பல தடவை வந்தான். எமிலியாவும் ஒருமுறை வந்து, அழுது, மன்னிப்புக் கேட்டாள். அவளைப் பவளம் மன்னித்தாள். சாப்பிட வைத்து அனுப்பினாள். சிலாபத்து வீட்டுக்கு மட்டும் அவள் திரும்பிப் போகவில்லை.