பதினேழாம் நம்பரின் முன் சீட்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே பஸ் டிரைவர் வீட்டில் இருப்பார் என்று அவர் மகள் நம்பினாள் பாருங்கள், முப்பத்தெட்டு வயதில் அப்படியொரு குழந்தைத்தனம்! பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் விடியுமுன் சாத்தும் கதவுச் சத்தம்தான். இனியாவது மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாமென்று, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் அரைநாள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் நாற்காலி காலி.

"நடக்கப் போனேம்மா" என்பார் அப்பா, பொழுது சாய வந்து. நாளெல்லாம் நடந்தும் செருப்புத் தேயாத அதிசயத்தைத் தெருவே கவனித்தது, அவளைத் தவிர. கடைசியில் மாடிவீட்டு அக்காதான், வாய் சும்மா இருக்க முடியாமல், போட்டு உடைத்தாள்.

"பதினேழாம் நம்பர்ல ஏறி டிரைவருக்குப் பின்னாடி உக்காந்தா எறங்குறதே இல்லையாம்டி உங்கப்பா. 'பிரேக்கப் போடுய்யா'ன்னு இவரு காலால தரைய மிதிக்க, அந்தப் புது டிரைவர் அழாத குறையாம். வீட்ல சாப்பாடு போடுறியா, இல்லையா?"

மானம் போயிற்று அவளுக்கு. கையோடு இழுத்து வந்துவிடுவதென்று மறுநாள் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்தாள்.

"படியில நிக்காதீங்கம்மா, உள்ள போங்க" என்றார் அப்பா, சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அப்பா, நான்தான்."

திருட்டுப் பூனை மாதிரி விழித்தார். பிறகு ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டார். சேர்த்துவைத்த வசவையெல்லாம் விட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும். பெஞ்சில் பழைய சகாக்கள்; இருவரும் இறங்கிப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"யாருண்ணே இது?"

"எம் பொண்ணுய்யா! கணக்குல தொண்ணூத்தாறு மார்க்கு, சும்மாவா?"

அவள் வகிட்டு நரையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

"அது எட்டாங்கிளாஸ்ப்பா."

"சரி, அதுக்கப்புறம்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாது அவருக்கு.

"ஒன்பதாவதுல கணக்குல ஃபெயில்."

பஸ் ஹாரன் அடித்தது. எழப்போனவர் அப்படியே உட்கார்ந்தார்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"சொல்லத்தான் வாசல்லயே உக்காந்திருந்தேன்" என்றாள். "நீங்க வர்றதுக்குள்ள தூங்கிட்டேன்."