சூடா, ஆறினதா?

முதல் திருப்பத்திலேயே தல்வாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கடலையே பார்த்ததில்லை என்று சத்தியம் செய்கிற கணவன், சால்வடோர் என்ற இந்தக் கடலோர நகரத்தின் பழைய சந்துகளில் யாரையும் வழி கேட்காமல் எப்படி நடக்கிறான்?

"இப்படித் திரும்புனா நிழலா இருக்கும், தல்வா," என்றான் அடெல்மோ. நிழலாகத்தான் இருந்தது.

இவர்களைப் போன்ற மினாஸ் மலைநாட்டுக்காரர்கள் என்றாலே சந்தேகப் பிராணிகள் என்று பிரேசில் முழுக்கக் கேலி. கேலி செய்கிறவர்கள் செய்துகொண்டு போகட்டும், இவளுக்குக் காரணம் இருந்தது. அவள் அப்பா விட்டுப்போன வீட்டை விற்று இங்கே ஒரு சின்ன விடுதி வாங்கலாம் என்று பல நாளாக அவன் பிடுங்கியெடுத்துக்கொண்டிருந்தான். "ரெண்டு பேருமே பார்க்காத ஊரு. சிக்கனமா ஒரு நடை போய்ப் பார்ப்போம். உனக்குப் பிடிச்சாத்தான் விக்கிறது." திரும்பியதும் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்கென்று இருப்பதோ அந்த ஒரு வீடுதான்.

சிக்கனத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பஸ்ஸில் இடுப்பொடிய வந்து, அடுக்குக் கட்டில் அறையில் முன்பின் தெரியாதவர்களின் குறட்டைக்கு நடுவே படுத்து, வீட்டிலிருந்து கட்டிவந்த சீஸ் ரொட்டியையே வேளாவேளைக்கு மென்றாயிற்று. தங்கம் இழைத்த மாதா கோயிலை நுழைவுச் சீட்டுக்குப் பயந்து வாசலோடு கும்பிட்டாயிற்று.

அந்த வாசலில்தான் நேர்ச்சை ரிப்பன் விற்கிறவன் பிடித்தான். சும்மா தருகிறேன் என்று மணிக்கட்டில் கட்டிவிட்டுப் பிறகு காசு பிடுங்குகிற வகை என்பது கட்டிய பிறகுதான் தல்வாவுக்குப் புரிந்தது. அடெல்மோவோ அவன் நெருங்குவதற்கு முன்பே இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கை குளிருது," என்றான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சதுக்கத்து மூலையில் வெள்ளைப் பாவாடையும் வெள்ளைத் தலைக்கட்டுமாக ஒருத்தி அகராஜே பொரித்துக்கொண்டிருந்தாள். காராமணி அரைத்துச் செம்பனை எண்ணெயில் போட்டு, பிளந்து இறால் திணிக்கிற வடை. அந்த வாசனைக்குக் கஞ்சத்தனம் தோற்றது.

"சூடா, ஆறினதா, ராணி?"

பழசைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று தல்வா உஷாரானாள். "சூடாத்தான். நல்லா சூடா."

"ராஜாவுக்கு?"

"ஆறினது," என்றான் அடெல்மோ.

சூப் கொஞ்சம் ஆறினாலும் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள். ஆனால் அவன் வடையிலும் ஆவி பறந்தது. தல்வா ஒரு கடி கடித்தாள். நாக்கு பற்றி எரிந்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

வடைக்காரி சிரித்தாள். "எங்க ஊருல சூடுன்னா மிளகாய் வச்சது, ஆறினதுன்னா வைக்காதது. வெளியூர்க்காரங்க எல்லாரும் முதல் தடவை இப்படித்தான் மாட்டுவாங்க, ராணி."

எல்லாரும். தல்வா கணவனைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தான். வருஷா வருஷம் ஆகஸ்டில் மாட்டுச் சந்தைக்கென்று கிளம்பிப் போகிறவன், ஒரு கன்றுக்குட்டியைக்கூட ஓட்டி வந்ததில்லை. சந்தேகத்தைக் குரலில் காட்டாமல் வடைக்காரியிடம் போட்டு வாங்கினாள்.

"உங்க கைப்பக்குவத்தைச் சொல்லிச் சொல்லித்தான் இவரு என்னைக் கூட்டிட்டு வந்தாரு."

"சொல்லாம என்ன? ஆகஸ்டுல தவறாம வர்ற மனுஷன்." வடைக்காரி முகம் மலர்ந்தது. "தனக்கு ஆறினது ஒண்ணு, சின்னவளுக்கு இறால் வைக்காம ஒண்ணு. அந்தக் குட்டிக்கு இறால் ஒத்துக்காது. மூக்கு அப்படியே அப்பன் மூக்கு. இப்பப் பள்ளிக்கூடம் போறாளா, ராஜா?"

அடெல்மோவின் கை பாதி வழியில் நின்றது. "தல்வா, சொல்லிடணும்னுதான்..."

"என் வீட்டை வித்து யாருக்கு வீடு வாங்க இருந்தே?"

தன் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கிற தொட்டில் அவளுக்கு நினைவு வந்தது. அழுகை முட்டியது. பழியை மிளகாய் மேல் போட்டுவிட்டு நன்றாகவே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வடைக்காரியிடம் திரும்பினாள்.

"இறால் வைக்காம ஒண்ணு கட்டிக் குடுங்க."

பொட்டலத்தை அவளே வாங்கிக்கொண்டாள்.

"வீடு விக்கிறதுக்கில்ல," என்றாள் அவனிடம். "முன்னால நட. வழிதான் உனக்குத் தெரியுமே."