கால்வாய்க்கரைக்கு வெளிச்சம்

வாக்குச் சீட்டுக்குப் பதிலாகக் கொடுத்த புளியங்கொட்டைகளைக் கையில் வாங்கிய பெண்கள் யோசிக்கவே இல்லை. நேராகப் போய், தரையில் விரித்திருந்த நடைபாதைப் படத்தின் மேலும் விளக்குக் கம்பப் படத்தின் மேலும் வைத்தார்கள். கால்வாய்க்கரைக் காலனியில் சண்டை இல்லாமல் ஒரு கூட்டம் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. இன்று எல்லாம் சுமுகமாக நடந்ததில், திட்டத்தின் களப்பணியாளரான ஜெபமலருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நேற்று வீடு வீடாக ஏறி இறங்கி, எதில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

கக்கூஸ் படம் மட்டும் அங்கே இல்லை. அதையும் சேர்க்கச் சொல்லித் திட்ட அதிகாரி ஹரிநாராயணனிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். அவர் சிரித்தபடி மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "அது ஈ ப்ரோஜெக்டில் இல்ல ஜெபமலரே. ஆளுக அதத்தான் வேணும்னு சொன்னா, பேங்குக்காரங்க வேற ஊர் நோக்கிப் போயிடுவாங்க, கேட்டோ." மக்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது கடன் தரும் வெளிநாட்டு வங்கியின் நிபந்தனை. எதைக் கேட்பது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். வருகிறதை வாங்கிப் போட்டுக்கொள்வோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று ஜெபமலரும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வங்கியிலிருந்து வந்திருந்த அம்மாள் நல்ல மாதிரி. வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க, காலனிப் பெண் உச்சிமாகாளியின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள்.

"வெளக்கும் பாதையும் வந்தா ஒங்களுக்கு என்ன மாறும்னு கேக்காங்க அத்தை," என்றாள் ஜெபமலர்.

"ராத்திரி பூரா எரியுமா மோளே?"

"விடிய விடிய எரியும்."

"அப்பம் நாங்க எங்க போயி ஒதுங்க? இருட்டா கெடக்குன்னுல்லா வெள்ளனயே கரைக்குப் போறோம். அத அவங்ககிட்ட கேளு."

ஜெபமலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகிக் கரமனையில் வாடகை வீட்டுக்குப் போகும்வரை அவளும் அந்த இருட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை கிடைத்ததும் அந்த மறைவின் அருமை எப்படி மறந்து தொலைத்தது? வெளிச்சம் வரும், வெளிச்சம் வரும் என்று வாசல் வாசலாக நின்று சொன்ன வாயை என்ன செய்வது?

வங்கி அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு காத்திருந்தாள். ஹரிநாராயணன் பின்னால் வந்து நின்று மெல்லச் சொன்னார்: "சந்தோஷம்னு பறஞ்சா மதி, அது போதும்."

ஜெபமலர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். உச்சிமாகாளிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தான் கேட்டது போய்ச் சேர்ந்ததா என்று அறிய, வங்கி அம்மாளின் சிரிப்பு மாறுகிறதா என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.