‘வீட்டார்’ என்று எழுதப்பட்டவர்கள்

சுகாதார அறிக்கை அச்சாகி வந்த அன்று நான் முதலில் புரட்டியது எங்கள் பாலக்கரைப் பக்கத்தைத்தான். 1957இல் பள்ளிவாசல் சந்தில் காலராவால் இறந்தவர்கள் நான்கு பேர் என்று போட்டிருந்தது. நான் ஹெல்த் விசிட்டர். அந்தக் கோடை முழுக்க பிளீச்சிங் பவுடர் டப்பாவும் கையுமாக அந்தச் சந்துக்குப் போய் வந்தவள். நாலு பேராம்!

அலமாரியில் தூங்கப்போகிற காகிதம் என்றால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு சிபாரிசு இருந்தது. பத்துக்கு மேல் சாவு விழுந்த தெருக்களுக்கு இந்த வருஷமே காவிரித் தண்ணீர்க் குழாய், மற்ற தெருக்களுக்குக் குழாய் பிறகு. சர்க்கார் பாஷையில் ‘பிறகு’ என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும்.

நேரே மஜீதாக்காவிடம் போனேன். அந்தச் சந்தில் பெண்கள் மவுத்தானால் மய்யித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி அனுப்புகிறவர் அவர்தான். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“நாலா? என் கையால பதினோரு மய்யித்தைக் குளிப்பாட்டினேன் நர்ஸம்மா. மீதி ஏழு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்களா?”

பதினொன்றும் பெண்கள். ஆண்கள் விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய்விடுவார்கள். அங்கே குழாய் உண்டு. பையன்களுக்குப் பள்ளிக்கூடத்தில் குழாய். கோஷா முறைப்படி வெளியே போகாமல் இருந்த பெண்களுக்குச் சந்துக் கோடியிலிருந்த கிணறு ஒன்றுதான். அதை மூடினால் வேறு தண்ணீருக்கு வழியில்லை என்பதால் மருந்தைப் போட்டுத் திறந்தே வைத்திருந்தோம். இதோ, மறுபடியும் சித்திரை பிறந்துவிட்டது.

கணக்கெடுத்த கிளார்க் அமிர்தசாமியைப் பிடித்தேன். பள்ளிவாசல் மையவாடியின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்து எழுதியவர் அவர்.

“ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்துச்சும்மா. ‘ஷேக் தாவூது வீட்டார்’னு மூணு தரம். ‘அப்துல் ரஹீம் வீட்டார்’னு நாலு தரம். கவனமில்லாம எழுதிட்டாங்கன்னு ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை அடிச்சிட்டேன்.”

வீட்டுப் பெண்களின் பெயரை வெளி ஆண்கள் காதில் போடுவதில்லை அங்கே. பதிவேட்டிலும் போடவில்லை. மனைவி, மகள், தங்கை எல்லாரும் ‘வீட்டார்’. நான்கு வீடுகளில் பதினோரு பேர் செத்து, நான்கு வரிதான் மிஞ்சியிருந்தது. தேதி வேறு வேறாக இருந்ததே என்று கேட்டேன். “தேதியை நான் பாக்கலம்மா,” என்றார்.

எங்கள் ஹெல்த் ஆபீஸரிடம் போனேன்; ஒரேயடியாகக் கையை விரித்தார். “அச்சாயிடுச்சு. நாளை மறுநாள் இருநூறு பிரதியும் மெட்ராஸ் போகணும். கட்டி வைம்மா.”

“கட்ட மாட்டேன் சார்.”

“என்னது?”

“திருத்தச் சீட்டு ஒட்டாம ஒரு பிரதியைக்கூடக் கட்ட மாட்டேன். வேணும்னா வேலையை விட்டு நீக்குங்க. எதுக்கு நீக்குறீங்கன்னு எழுத்துல குடுங்க.”

அவர் கையிலிருந்த பிரதியை மேஜைமேல் போட்டார். பிறகு சொன்னார்: “பேரில்லாத சாவை நான் எப்படிச் சேர்க்கிறது? நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள பதினோரு பேரோட பேரும், அந்தந்த வீட்டு ஆம்பளை கையெழுத்தும் வரணும்.”

முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் நானும் மஜீதாக்காவும் வீடு வீடாக ஏறினோம். ஆண்கள் யாரும் பிடிகொடுக்கவில்லை. தோல் மண்டியில் வேலை பார்த்த ஷேக் தாவூது கதவைப் பாதிதான் திறந்தார்.

“என் வீட்டுப் பொம்பளைங்க பேரு சர்க்கார் கச்சேரியில ஏலம் போகணுமா? போங்கம்மா.”

மறுநாள் பதினொரு மணிக்கு மஜீதாக்கா தலைமையில் ஆறு பெண்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியபடி ஆபீஸுக்குள் வந்தார்கள். கிளார்க்குகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்குக் கர்வமாக இருந்தது.

“ஆம்பளைங்க எங்கே?” என்றார் ஆபீஸர்.

“குடத்தைச் சுமந்தது நாங்க,” என்றார் மஜீதாக்கா. “அந்தத் தண்ணியைக் குடிச்சது நாங்க, செத்ததும் நாங்க. கைநாட்டு மட்டும் அவங்க வெக்கணுமா? எழுதுங்க சார்.”

ஆபீஸர் அமிர்தசாமியைப் பார்த்து எழுதும்படி சைகை செய்தார். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து தன் வீட்டில் இறந்தவர்களின் பெயரை உரக்கச் சொல்லி மையில் விரலை வைத்தாள். எட்டுப் பெயரோடு நின்றது. ஷேக் தாவூது வீட்டில் வந்து சொல்ல ஒரு பெண்ணும் மிச்சமில்லை.

“எட்டு போதாது,” என்றார் ஆபீஸர். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

“எழுதுங்க,” என்று வாசலில் குரல் கேட்டது. ஷேக் தாவூதுதான். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். “என் சம்சாரம் நஜ்முன்னிசா. மக ஆரிஃபா, அஞ்சு வயசு.”

“மூணாவது?”

“பேரு வெக்கல. ஏழாம் நாள் வெக்கிறதா இருந்தோம். ஆறு நாள்தான் இருந்துச்சு.”

அமிர்தசாமியின் பேனா நின்றது. பத்துப் பெயர் ஆகியிருந்தது. பத்துக்கு மேல் வேண்டும்.

“பேரே இல்லாத குழந்தையை எப்படிய்யா...” என்று இழுத்தார் ஆபீஸர்.

“இருந்துச்சு சார்!” ஷேக் தாவூது கத்தினார். “அவ படுத்துட்டா, பால் இல்ல. அந்தக் கிணத்துத் தண்ணியில சர்க்கரையைக் கரைச்சு அது நாக்குல வெச்சவன் நான். இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? மஜீதான்னு எழுதுங்க. கடைசியா அதை மடியில வெச்சுக் குளிப்பாட்டினது இவங்கதான்.”

மஜீதாக்கா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆபீஸ் என்றும் பார்க்காமல் நான் அழுதேன்.

அமிர்தசாமி எழுதினார். ஆபீஸர் காகிதத்தை வாங்கி, ‘பதினொன்று’ என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டுகள் தயாராகி வந்தபோது மணி மூன்று. அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு தரையில் உட்கார்ந்து இருநூறு பிரதிகளிலும் ஒட்டினார்கள். பசை பிடிக்கும்வரை மஜீதாக்கா ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தார்.