ஆறரை வண்டியும் ஒரு நிறைகுடமும்

கதவைத் திறக்காமல் அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் அருணாசலவடிவு. கையில் தூக்குச்சட்டி, தோளில் பை, காலில் செருப்பு. எல்லாம் தயார்தான். எதிர்வீட்டு லாரி மட்டும் இன்னும் கிளம்பவில்லை. மெயின் ரோட்டுக்குத் தூத்துக்குடி பஸ், ஆறரை வண்டி, வரப் பத்து நிமிஷம் இருந்தது. நடந்து போக ஏழு நிமிஷம் வேண்டும்.

வெளியே லாரிக்காரர் மந்திரமூர்த்தி தொண்டையைச் செருமினார். அதுதான் அடையாளம். தெருக்குழாயிலிருந்து மதினி பிச்சம்மாள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு லாரிக்கு எதிரே நடந்து வந்தாள். மந்திரமூர்த்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். லாரி உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு பிச்சம்மாள் கதவை ரெண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏளா, போயிட்டாரு. ஓடு."

வடிவு ஓடினாள். தன் சொந்த வீட்டிலிருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்துக்குத் திருடியைப் போல ஓடினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு மாசமாக இந்தக் கூத்து.

காரணம் பெரிசாக ஒன்றுமில்லை. வடிவு தாலியறுத்தவள். காலையில் தொழிலுக்குக் கிளம்புகிறவன் அவள் முகத்தில் முழித்தால் காரியம் விளங்காது என்று நம் ஆட்கள் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தவன் யார், எந்த வண்டியில் போனான், எங்கே கவிழ்ந்தான் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

அவள் புருஷன் சிவனணைந்தபெருமாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கம்பிவடம் அறுந்து தெறித்ததில் போய்ச் சேர்ந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்த வடிவுக்கு அங்கேயே ஆபீசில் கடிதங்களுக்கு நம்பர் போடுகிற வேலை கொடுத்தார்கள். வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. டவுனுக்குள் இரண்டு வருஷத்தில் மூன்று வாடகை வீடு மாறினாள். "ஆம்பளத் துணையில்லாத வீடு, நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது பாருங்க" என்று மூன்று இடத்திலும் ஒரே பாட்டு. போதுமடா சாமி என்று, புருஷன் உயிருக்கு வந்த பணத்தைக் கொண்டு ஊருக்கு வெளியே, திருச்செந்தூர் ரோட்டில் ஏழு மைல் தள்ளி, உப்பளத்தை ஒட்டிப் புதிதாக உண்டான ஒற்றைத் தெருவில் ஒரு ஓட்டு வீட்டை வாங்கினாள்.

விற்றவர் நாசரேத் பக்கத்து வாத்தியார், ஏசுவடியான் என்று பெயர். "வீட்ட நல்லா வச்சிக்கிடுத ஆளு வேணும்மா எனக்கு. மத்ததெல்லாம் நான் விசாரிக்கல" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரத்தில் 'அருணாசலவடிவு' என்று தன் பெயர் மட்டும் தனியாக நிற்பதை அவள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலிலேயே நாலு தடவை வாசித்தாள். இனி யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது என்று நினைத்தாள். பாவம், அவளுக்குத் தெருவைப் பற்றித் தெரியவில்லை.

குடிவந்த நாலாவது வாரம், ஆனி மாசம். உப்பு லாரி வைத்திருக்கும் மந்திரமூர்த்தி கிளம்புகிற நேரமும் இவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்றாகப் போயிற்று. அன்றைக்குப் பார்த்து முக்காணிப் பாலத்துக்கிட்ட லாரியின் இரண்டு டயர் வெடித்தது. டயர் ஏற்கெனவே மொட்டை என்பது தெருவுக்கே தெரியும். சாயங்காலம் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். மந்திரமூர்த்திதான் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார்.

"தப்பா நெனச்சிக்கிடாதீய. வீடு உங்களுது. யாரும் போகச் சொல்லல. ஆனா காலையில நாங்க கெளம்புத நேரம் மட்டும் நீங்க முன்வாசல்ல வரவேண்டாம். பின்னால உடங்காட்டு வழியா ஒரு தடம் இருக்கு. அது ரோட்டுலதான் போயி ஏறும்."

"அது சுத்துப்பாதை, அஞ்சரைக்கே கெளம்பணும். இருட்டாக் கெடக்குமே அண்ணாச்சி."

"கொஞ்சம் விடியட்டுமே, மெதுவாப் போங்களேன்."

ஆறரை வண்டி யாருக்காகவும் மெதுவாக வராது என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பதினெட்டு நாள் அந்தத் தடத்தில் போனாள். இரண்டு பக்கமும் உடைமுள், நடுவில் ஒற்றையடிப் பாதை, அதைத் தாண்டினால் உப்பளத்து வரப்பு. ஒரு நாள் வரப்பு சறுக்கி உப்புத்தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டாள். ஒரு நாள் நாய்கள் கூட்டமாக வந்து வழியை மறித்தன. இன்னொரு நாள் முள்ளுக்குள்ளிருந்து ஒருத்தன் இருமினான். அவள் நின்றால் அவனும் நின்றான், நடந்தால் நடந்தான். அன்று ரோட்டில் ஏறிப் பஸ் கம்பியைப் பிடித்த அவசரத்தில் தூக்குச்சட்டி கீழே விழுந்து உருண்டது. அதற்கப்புறம் அவள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. விடியப்போகிறதே என்று பயந்தாள்.

மூன்று தடவை ஆறரை வண்டியைத் தவறவிட்டாள். அடுத்த வண்டி எட்டேகாலுக்கு, எட்டு மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். "இன்னும் ஒரு லேட் ஆச்சின்னா நான் மேல எழுதித்தான் ஆகணும்மா" என்றார் சூப்பரிண்டு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை போனால் டவுனுக்குப் போகவும் முடியாது, இந்த வீட்டில் இருந்து சாப்பிடவும் முடியாது.

இந்தச் சமயத்தில்தான் ஏரலிலிருந்து பிச்சம்மாள் வந்து சேர்ந்தாள். சிவனணைந்தபெருமாளுக்கு அக்கா, வடிவுக்கு மதினி. அவள் புருஷன் இசக்கியப்பன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போனவன். போனவன் போனவன்தான். ஒரு கார்டு கிடையாது, ஒரு காலணா கிடையாது. ஆனால் கழுத்தில் அவன் கட்டிய தாலி கிடந்தது. உலகத்தில் எங்கேயோ ஒரு மூலையில் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான் என்பதால் பிச்சம்மாள் சுமங்கலி, அவள் முகம் லட்சுமிகரம். பதினோரு வருஷம் பொண்டாட்டியை நெஞ்சில் வைத்துத் தாங்கியவன் செத்துப்போனதால் வடிவு முகம் தரித்திரம். இதுதான் நம் கணக்கு.

உடங்காட்டுச் சங்கதியைக் கேட்ட பிச்சம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். மறுநாளே மந்திரமூர்த்தியிடம் பேசிவிட்டாள். காலையில் தான் நிறைகுடத்தோடு எதிரே வருவதாகவும், அவர் நல்ல சகுனத்தோடு போன பிறகு வடிவு முன்வாசல் வழியாகப் போகட்டும் என்றும் ஏற்பாடு. தெரு ஒத்துக்கொண்டது. ஆடி ஒன்றாம் தேதி ஆரம்பித்தது. அன்றையிலிருந்து லாரிக்கு ஒரு பஞ்சர் கிடையாது. தெரு முழுக்கப் பிச்சம்மாளுக்கு ஒரே மரியாதை.

வடிவின் பயம் மட்டும் போகவில்லை. முள்ளுக்குள் இருந்த பயம் கதவுக்குப் பின்னால் வந்து குடியேறியது, அவ்வளவுதான். லாரி ஐந்து நிமிஷம் தாமதித்தால் வேலை போய்விடுமே என்று தினமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த வடிவிடம், வாசலில் நின்ற பிச்சம்மாள் ஒரு கார்டை நீட்டினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஏரல் விலாசத்தை அடித்துவிட்டு இந்தத் தெரு விலாசம் எழுதியிருந்தது. கார்டின் தலைப்பில் 'கண்டதும் கிழித்துவிடவும்' என்று இருந்ததைப் பார்த்ததும் வடிவு படியேறாமல் நின்றுவிட்டாள். சாவுக் கடிதத்துக்குத்தான் அப்படி எழுதுவார்கள். வாசலிலேயே நின்று வாசித்துக் கிழித்துப்போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

"யாருக்குளா?"

"மதினி... உங்க வீட்டு அண்ணன்தான். மஞ்சக்காமாலையாம். பம்பாய் ஆஸ்பத்திரியில. கூட இருந்தவுக விலாசம் தெரியாம இப்பத்தான் எழுதுதாவளாம்."

"எப்பமாம்?"

வடிவு மறுபடியும் கார்டைப் பார்த்தாள். "ஆனி இருவத்தெட்டு."

பிச்சம்மாள் அழவில்லை. நிலைப்படியில் மெதுவாக உட்கார்ந்தாள். "பன்னெண்டு வருசமா அவன் இருந்து நான் என்னத்தக் கண்டேன், இப்பம் போனதுக்கு அழ" என்றாள். தாலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டாள்.

வடிவுக்கோ பயத்தில் அழுகைகூட வரவில்லை. தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? குடம் போயிற்று. உடங்காட்டுத் தடம், நாய், அந்த இருமல். ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறார்களே என்று காலியே பண்ணச் சொல்வார்கள். அவள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தப்புத்தான் என்று தெரிந்தே கேட்டாள்.

"மதினி, இத யாருக்கும் சொல்லவேண்டாமே."

"சொல்லல. நான் எப்பவும் போலக் கொடத்தத் தூக்கிட்டு வாரேன். நீ அதக் கிழிச்சிப்போட்டுட்டுக் கைகால கழுவு."

வடிவு கார்டைக் கிழிக்கவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியாது, பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு நினைப்பு மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவர் செத்தது ஆனியில். குடம் தூக்கியது ஆடியில்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு வாசலில் இரண்டு லாரி நின்றது. மந்திரமூர்த்தி தவணையில் புது லாரி எடுத்திருந்தார். முகப்பில் கேந்திப்பூ மாலை, சந்தனம், முன்சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். தெருவே கூடியிருந்தது. வடிவு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மணி ஆறு இருபத்தொன்று.

பிச்சம்மாள் குடத்தோடு வந்தாள். மந்திரமூர்த்தி இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"அக்கா, ஆறு மாசமா உங்க மொகத்துல முழிச்சித்தான் கெளம்புதேன். ஒரு பஞ்சர் உண்டா? இந்த வண்டியே உங்க மொகராசியில வந்ததுதான். எலுமிச்சம்பழத்த உங்க கையால வைங்க."

அவர் பெண்சாதி முத்துக்கனி குங்குமச் சிமிழோடு வந்தாள். "உள்ள இருக்கவுகள வெளிய விடாமப் பாத்துக்கிட்டீயளே மதினி, அதுக்கே உங்களுக்குப் புண்ணியம்" என்று சொல்லிக்கொண்டு பிச்சம்மாள் நெற்றிக்குக் கையை நீட்டினாள்.

பிச்சம்மாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். குடத்தை இறக்கி நடுத்தெருவில் வைத்தாள்.

"வேண்டாந்தாயி. எம் புருசன் செத்துப் போயிட்டாரு. நேத்துத்தான் கடுதாசி வந்துது."

முத்துக்கனி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கூட்டம் ஓரடி விலகியது.

"நேத்துச் செத்தாரா அக்கா?" என்றார் மந்திரமூர்த்தி.

"நேத்து இல்ல தம்பி. ஆனி இருவத்தெட்டு. நான் உங்களுக்குக் கொடந்தூக்க வந்தது ஆடி ஒண்ணு. ஒரு நாளுகூட நான் சுமங்கலியா உங்க முன்னால வரல. ஆறு மாசமா நீங்க முழிச்சது ஒரு அறுதலி மொகத்துல. உங்க வண்டி போச்சி, வந்துது. இப்பம் ரெண்டு வண்டி நிக்கி. யாரு மொகராசின்னு நீங்களே சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருத்தர், "கடுதாசி இருக்காம்மா?" என்றார். சாவிலும் நம் ஆட்களுக்கு அத்தாட்சி வேண்டும்.

வடிவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்காதே, திறக்காதே என்று உடம்பு பூராவும் சொல்லியது. ஆனால் மதினி நடுத்தெருவில் ஒற்றையாக நின்றாள். வடிவு கதவைத் திறந்தாள். லாரி கிளம்பாத நேரத்தில், இரண்டு லாரிக்கும் நேர் எதிரே, அத்தனை பேர் பார்க்கப் படியிறங்கினாள். பையிலிருந்து கார்டை எடுத்து மந்திரமூர்த்தி கையில் கொடுத்தாள்.

"தேதி போட்டிருக்கு அண்ணாச்சி. வாசிச்சிட்டுக் கிழிச்சிருங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சி."

ஒரு கையில் எலுமிச்சம்பழமும் ஒரு கையில் சாவுக் கார்டுமாக அவர் நின்றார். உப்பளக் கரையில் ஏற்ற வேண்டிய உப்பு அம்பாரம் அவருக்காகக் காத்துக்கிடந்தது. வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடியிருப்பாள். பிச்சம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை அவள்கூட வந்தாள். ஆறரை வண்டி கிடைத்தது. மெயின் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று. அதன் முகப்பில் கேந்திப்பூ மாலை ஆடியது.

அன்று முழுக்க ஆபீசில் அவள் எழுதிய நம்பர்கள் கோணலாக விழுந்தன. லாரிக்கு ஏதாவது ஆகியிருந்தால், ஒரு ஆணி குத்தியிருந்தால்கூட, இன்று ராத்திரி வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போது அவளைப் பார்த்து யாரும் பேசவில்லை. எதிர்வீட்டு வாசலில் இரண்டு லாரியும் நின்றன. வாடிய மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை. டயர் வெடித்த அன்று வீடு வீடாகப் பேசிய தெரு, லாரி நல்லபடியாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிச்சம்மாள் அடுப்படியில் இருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"புது வண்டி வந்துட்டா?"

"வந்துட்டு மதினி."

"டயரு?"

"ஆறும் இருக்கு."

"சரி, நாளைக்கும் எண்ணிப் பாப்போம்" என்று பிச்சம்மாள் சோற்றை வடித்தாள்.