உடு

அவர் பெயர் ஹவ்ரானெக். எங்கள் கம்பெனியில் அது இரண்டே நாளில் அவரைக்காய் சார் ஆகிவிட்டது. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து நாலு லேத் மெஷின் வாங்கிய முதலாளி, டென்னிஸ் பைத்தியம் என்பதால், அங்கிருந்தே ஒரு கோச்சையும் வரவழைத்திருந்தார். 1991 ஜனவரி. சுங்குவார்சத்திரத்தில் அந்த வெள்ளைக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது.

பதினாலு வருஷம் இரட்டையர் ஆட்டம் மட்டுமே ஆடியவர். "ஜெயித்த கோப்பை எல்லாவற்றிலும் எனக்குப் பாதிதான்" என்று உடைந்த இங்கிலீஷில் சொல்லிச் சிரிப்பார்.

நான் கோதண்டராமன். நானும் பிள்ளைப்பாக்கம் யாக்கோபும் ஒரே ஷிஃப்ட், கோர்ட்டில் ஒரே ஜோடி. அவனுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் வந்த நாளிலிருந்து சாருக்கு யாக்கோபு ஒருவன்தான் கண்ணில் பட்டான். அவர் ஊரிலும் அந்தப் பெயர் உண்டாம். எனக்கு வயிறு எரிந்தது.

நடுவில் வரும் பந்துக்கு யார் போவது என்று குரல் கொடுப்பதுதான் இரட்டையர் ஆட்டத்தின் உயிர் என்பார். அவர் பாஷையில் 'மொயே' என்றால் என்னுடையது, 'த்வொயே' என்றால் உன்னுடையது. யாக்கோபு ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். நான் வீம்புக்கு நம் பாஷையிலேயே கத்தினேன். எங்கள் பக்கத்தில் 'உடு' என்றால் தொடாதே, விட்டுவிடு என்றும் அர்த்தம். ஓங்கி ஒன்று போடு என்றும் அர்த்தம். எது என்பது குரலில்தான் இருக்கிறது.

மார்ச் மாதம் கம்பெனிகளுக்கு இடையிலான இரட்டையர் போட்டியின் ஃபைனல். எதிரே அம்பத்தூர் கம்பெனி. கோர்ட்டுக்குப் போகும் வழியில் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் என்னை நிறுத்தினார்.

"மேட்டர் தெரியுமா? மேட்ச் முடிஞ்சதும் சார் ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தர மெட்ராஸ் கிளப்புக்கு ஆட அனுப்பப் போறாராம். அநேகமா யாக்கோபுதான். இன்னாமா ஆடுறான்பா!"

கடைசி செட். இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் அம்பத்தூர்க்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள். பந்து உயரமாக யாக்கோபு பக்கம் போனது. கோட்டுக்கு உள்ளேதான் விழும் என்று எனக்குத் தெரிந்தது. அவன் அடித்திருந்தால் கைதட்டல் ஓரகடம் வரை கேட்டிருக்கும்.

"உடு" என்றேன். தணிந்த குரலில்.

யாக்கோபு ராக்கெட்டை இழுத்துக்கொண்டான். பந்து ஒரு சாண் உள்ளே விழுந்தது. தன் மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை என்பார்களே, அந்த ஜாதி நான்.

சார் நேராக வந்து அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் யாக்கோபு முந்திக்கொண்டான். அடி என்று அர்த்தம், தப்பாகப் புரிந்துகொண்டது தான்தான் என்று இங்கிலீஷில் சொன்னான்.

மறுநாள் காலை சார் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"என் ஊரில் ஒரு ஃபைனல். என் ஜோடிக்கு வெளிநாட்டில் ஆட அழைப்பு வந்திருந்தது. எனக்கு வரவில்லை. நானும் ஒரு பந்தை விடச் சொன்னேன். அவனும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவனோடு என்னால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. நான் கோச் ஆனேன்."

நான் தலையைத் தூக்கவில்லை.

"யாக்கோப் மெட்ராஸ் போகிறான். நீ நாளையிலிருந்து எனக்கு உதவி கோச்" என்றார்.

சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கோதண்டத்துக்குப் பிரமோஷன் என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். யாக்கோபு கேன்டீனில் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிக்க சொன்னா நீ எப்டி கத்துவேன்னு எனக்குத் தெரியாதா, கோதண்டம்? நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். பரவால்ல. யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

கோபம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினேன். துளிகூட இல்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்து எரிந்த வயிறு, அன்று அவன் மனசைப் பார்த்து எரிந்தது.